தாரும் துருவும் பிசினும்: செங்கோட்டையில் ஒரு வெள்ளைக் காரைச் சுத்தம் செய்த பதிவு

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் அன்றாடம் ஓடுகிற ஒரு காரின் பெயிண்ட், சமவெளியில் ஓடும் காரைக் காட்டிலும் பல வகை அழுக்குகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் குவாரிகளிலிருந்து கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகள் இந்தச் சாலையில் வரிசையாகப் போகின்றன. அவற்றிலிருந்து சொட்டும் பாறைமாவு கலந்த தண்ணீர் பின்னால் வரும் கார்களின் முகப்பில் தெறிக்கிறது. மலைப்பாதையில் மழைக்குப் பின் ஒட்டுப்போடும் இடங்களில் இளகிய தார் சக்கரத்தில் ஒட்டிக் கதவின் அடிப்பகுதிக்கு ஏறுகிறது. கணவாயைத் தாண்டிவிட்டால் பலா மரமும் ரப்பர்த் தோட்டமும் தொடங்குகின்றன. இந்தப் பக்கம் வயல்வெளிகளில் மயில்களுக்குக் குறைவில்லை.

என் மைத்துனர் புனலூரில் வேலை பார்க்கிறார். அவருடைய வெள்ளைக் கார் பகல் முழுவதும் அங்கே ரயில் பாதையை ஒட்டிய திறந்த வெளியில் நிற்கும். சில மாதங்களாகவே காரின் மேற்கூரையிலும் பானெட்டிலும் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தோன்றி, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாமல் இருந்தன. கழுவிக் கொடுக்கும் இடம் ஒன்றில் இதற்கு ரப்பிங் போட்டுப் பாலிஷ் அடிப்பது ஒன்றுதான் வழி என்று கூறியிருக்கிறார்கள். "அத்தான், இது துருன்னா உள்ள தகரமே அரிச்சுப் போயிருக்குமோ?" என்று கவலையோடு கேட்டார். ஊரில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் காட்டியபோது, அவர் நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தகரம் அரிச்சிருந்தா பெயிண்ட் கொப்புளிச்சு நிக்கும் தம்பி. இது மேல வந்து ஒட்டுன துரு. ரப்பிங் போட்டீங்கன்னா நல்ல பெயிண்டும் சேர்ந்து போயிரும்" என்றார். இந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை எனக்கு வழிகாட்டியாக இருந்தது அவருடைய இந்தச் சொல்தான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்க, காரின் பெயிண்ட் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கூற வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று தொழிற்சாலையில் பூசுகிறார்கள். இவை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். பளபளப்பும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காப்பும் அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. ரப்பிங் காம்பவுண்ட் அழுக்கை மட்டும் பிரித்து எடுப்பதில்லை, அழுக்கு ஒட்டியிருக்கும் அடுக்கையே சீவி எடுக்கிறது. சீவிய அடுக்கு திரும்ப வராது. ஆகவே எந்தக் கறையாக இருந்தாலும் அதைக் கரைக்கக்கூடிய திரவத்தை முதலில் தேட வேண்டும் என்றும், தேய்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவு செய்துகொண்டேன்.

திரவத்தைத் தேட வேண்டுமானால் கறை எது என்று தெரிந்திருக்க வேண்டும். காலை வெளிச்சத்தில் காரைச் சுற்றி நிதானமாகப் பார்த்தால், கறை இருக்கும் இடமே அது எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. கரிய, சற்றே மேடான, சக்கரங்களுக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் செறிந்திருப்பவை தார்த் துளிகள். படுக்கையான பரப்புகளிலும் ரயில் பாதையை நோக்கி நிற்கும் பக்கத்திலும் ஆரஞ்சாகத் தெரிபவை இரும்புத் துகள்கள். தண்டவாளத்தில் சக்கரம் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நுண்ணிய இரும்புத் தூள் காற்றில் பறந்து வந்து, பெயிண்டில் குத்தி நின்று, அங்கேயே துருப்பிடிக்கிறது. வீட்டருகே கிரில் பட்டறை இருந்தாலும், கிரைண்டரின் பொறி பட்டு இதே புள்ளிகள் வரும். முன் பம்பரிலும் பானெட்டிலும் சாம்பல் நிறத்தில் பொருக்காகக் காய்ந்திருப்பது பாறைமாவு. மேற்கூரையில் பழுப்பாக, பிசுக்காக இருந்தவை பலாப் பிசின். கதவுகளில் வெள்ளை வளையங்களாகத் தெரிந்தவை எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் காய்ந்த தடம். பானெட்டின் நடுவில் மயில் எச்சத்தின் தழும்பு ஒன்று.

வேலைக்குச் சாரல் காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜூன் முதல் செங்கோட்டை, குற்றாலம் பக்கம் வெயில் தணிந்து, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். பெயிண்ட் சூடாகாது, பூசிய திரவமும் உடனே காய்ந்துவிடாது. இந்த வேலையில் பெரும்பாலான கேடுகள் மருந்து பெயிண்டின் மேலேயே காய்ந்துபோவதால்தான் வருகின்றன. ஆகவே கோடையில் செய்பவர்கள் விடியற்காலையில், நிழலில், பானெட்டைத் தொட்டுக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். சாரல் காலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் கடைசியாக அலசுவதற்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் கிடைக்கிறது.

முதல் வேலை பாறைமாவை நகர்த்துவது. எம்-சாண்ட் என்பது உடைத்து அரைத்த பாறை. அது எந்த வீட்டு அமிலத்திலும் கரையாது. காய்ந்திருக்கும்போது துணி போட்டுத் துடைத்தால் அந்தத் துணியே உப்புத்தாளாகிவிடும். எனவே புதிதாக வாங்கிய, பூச்சிமருந்து ஒருபோதும் ஊற்றப்படாத கைப் பம்பு ஸ்ப்ரேயரில் கார் ஷாம்பூவைக் கெட்டியாகக் கலந்து, கீழிருந்து மேலாகக் கார் முழுவதும் தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, குழாய்த் தண்ணீரின் வேகத்திலேயே கழுவி இறக்கினேன். பொருக்கு தடித்திருந்த இடங்களில் ஈரத் துணியை விரித்துப் போட்டு இன்னொரு முறை ஊற வைத்தேன். கைபடாமல் போக வேண்டியதெல்லாம் போன பிறகே இரண்டு பக்கெட் வைத்துக் கழுவினேன்: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர், கையுறை போன்ற மைக்ரோஃபைபர் துணியை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். மேற்கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி, வேறு பக்கெட். தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் காரின் பக்கமே வரக் கூடாது.

கழுவி முடித்ததும் தாரை எடுத்தேன். தார் என்பது பெட்ரோலியத்தைக் காய்ச்சி எடுத்த பின் எஞ்சும் பிற்றுமின். தண்ணீருக்கும் சோப்புக்கும் அது அசையாது, ஆனால் தன் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்களில் கரைந்துவிடும். மண்ணெண்ணெய் அதைக் கரைக்கும் என்றாலும், பெயிண்ட் கடையில் எனாமலுக்குக் கலக்கத் தரும் டர்பன்டைனையே நான் எடுத்துக்கொண்டேன். அது மண்ணெண்ணெயை விட வேகமாக ஆவியாகிறது, எண்ணெய்ப் பிசுக்கையும் குறைவாக விடுகிறது. பெட்ரோலைத் தொடவே கூடாது. தீப்பற்றும் அபாயம் ஒருபுறமிருக்க, அது தாரைக் கரைக்கும் முன்பே ஆவியாகிவிடும். பட்டறைகளில் பெயிண்டை இளக்கப் பயன்படும் என்.சி. தின்னரும் கூடாது. தொழிற்சாலையில் சூளையில் சுட்டெடுத்த பெயிண்ட் அதைச் சற்று நேரம் தாங்கலாம், ஆனால் விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபடி அடித்த கதவு தாங்காமல் சுருங்கிவிடலாம். எதுவானாலும் கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, வெள்ளைத் துணியில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டே வெளியே பயன்படுத்த வேண்டும்.

முறை எளியது, பொறுமைதான் வேண்டும். துணியின் ஒரு மூலையை டர்பன்டைனில் நனைத்துத் தார்த் துளியின் மேல் வைத்து, ஒரு நிமிடம் வரை அசைக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு பழுப்பாகி வழியத் தொடங்கும்போது ஒரே இழுப்பில் ஒற்றி எடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கரைந்த தார் பரவுவதோடு, அதில் புதைந்திருக்கும் மணல் பெயிண்டில் உராயும். சாலையில் போடும் தாரில் எப்போதும் கல்தூள் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. துணியின் அழுக்கான முகத்தை மடித்து மறைத்து, ஒவ்வொரு துளிக்கும் சுத்தமான முகத்தைக் காட்ட வேண்டும். ரப்பர் பீடிங்கிலும், நிறம் பூசாத கறுப்பு பிளாஸ்டிக்கிலும் டர்பன்டைன் தேங்கி நிற்க விடக் கூடாது. ஒரு கதவு முடிந்ததும் ஷாம்பூத் தண்ணீரால் அந்தப் பகுதியைக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போனேன். எஞ்சின் சூடாக இருக்கும்போதோ, அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்திலோ இதைச் செய்யக் கூடாது. நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாமல் திறந்த வெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

பிசின் விஷயத்தில் பலர் குழம்புவதற்குக் காரணம், எல்லாப் பிசினையும் ஒன்றாக எண்ணுவதுதான். பலாப் பிசினும் ரப்பர்ப் பாலும் மரத்தின் பாலிலிருந்து வருபவை, அவை ஆல்கஹாலுக்கு மசியாது. பலாச் சுளை எடுக்கும் முன் நம் வீடுகளில் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே அறிவுதான் இங்கும் பயன்படுகிறது. ஓரளவு புதிய பிசினில் தேங்காயெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டபோது விரலால் உருட்டி எடுக்கும் அளவுக்கு இளகியது. காய்ந்து கறுத்துப்போனதற்கு டர்பன்டைன் தேவைப்பட்டது. ரப்பர்ப் பால் காய்ந்த படலம் டர்பன்டைனில் கரைவதை விட ஊதிப் பருக்கும். பருத்ததும் அதன் பிடி தளர்ந்து விளிம்பிலிருந்து உரிந்து வரும். வேம்பு, முருங்கை போன்ற மரங்களின் பிசின் தண்ணீரில் ஊறக்கூடியது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியே போதும். சாம்பிராணி வகை மரங்களும் ஊசியிலை மரங்களும் கசியும் குங்கிலியம் போன்ற பிசினுக்குத்தான் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேண்டும். மாமரம் பூக்கும் காலத்தில் கண்ணாடியெல்லாம் ஒட்டுகிறது என்று புலம்புபவர்கள் பிசின் என்று நினைப்பது உண்மையில் தத்துப்பூச்சிகள் கழிக்கும் சர்க்கரை நீர். அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

அடுத்தது இரும்புத் துகள். இந்த வேலையில் என்னை மிகவும் மகிழ்வித்த பகுதி இதுதான். ஆட்டோமொபைல் கடைகளில் அயர்ன் ரிமூவர் என்ற பெயரில் விற்கும் திரவத்தில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் உப்பு இருக்கிறது. முடியைச் சுருட்டவும் நீக்கவும் பயன்படும் பொருள்களில் உள்ள அதே குடும்பம், அதனால்தான் அழுகிய முட்டை போன்ற நெடி அடிக்கிறது. அந்த உப்பு இரும்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையும் ஊதா நிறச் சேர்மமாக மாறுகிறது. காரமோ அமிலமோ அதிகமில்லாத திரவம் என்பதால் நல்ல நிலையில் உள்ள கிளியர் கோட்டை அது தொடுவதில்லை.

கழுவிய காரின் தண்ணீரை ஒற்றி எடுத்தபின், கையுறை போட்டுக்கொண்டு, காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, முதலில் மேற்கூரையில் தெளித்தேன். ஒரு நிமிடம் கழித்து வெள்ளைப் பரப்பில் ஆங்காங்கே ஊதாப் புள்ளிகள் மலர்ந்து, பிறகு கோடுகளாக வழியத் தொடங்கின. கண்ணுக்குத் தெரிந்த ஆரஞ்சுப் புள்ளிகளைவிடப் பல மடங்கு அதிகமான இடங்களில் ஊதா எழுந்தது. துருப்பிடிக்க இன்னும் நேரம் வராத துகள்கள் அவ்வளவு இருந்திருக்கின்றன. ரயில் பாதையின் பக்கம் நிற்கும் இடது கதவுகளில் ஊதா அடர்த்தியாகவும், வலது கதவுகளில் அரிதாகவும் இருந்ததைப் பார்த்த மைத்துனருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள், காய்வதற்கு முன், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். ஒரே நேரத்தில் கார் முழுவதும் தெளிக்காமல் பகுதி பகுதியாகச் செய்வது நல்லது. ஆழமாகக் குத்தியிருந்த சில துகள்களுக்கு இரண்டாம் முறை தெளிக்க வேண்டியிருந்தது. அலாய் சக்கரங்களில் பிரேக் தூள் காரணமாக இந்தத் திரவம் இரத்தம்போல ஓடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் சூடான பிரேக் டிஸ்கின் மேல் தெளிக்கக் கூடாது. கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்கோ கிணற்றடிக்கோ போகாதபடி முன்பே இடம் பார்த்து நிறுத்த வேண்டும். எங்கள் தெருவின் வடிகால் வயலில் போய் முடிவதால், காரைத் தள்ளி வெறும் கட்டாந்தரையில் நிறுத்தித்தான் செய்தேன்.

இதற்குப் பிறகும் எஞ்சியவற்றுக்காகக் கிளே பார். கிளே என்றாலும் இது வயல் களிமண் அன்று. மிக நுண்ணிய உராய்பொருள் கலந்த, பிசையக்கூடிய செயற்கைக் கட்டி. ஜப்பானில் உருவாகி 1990களில் உலகெங்கும் பரவியது. தேவையா இல்லையா என்பதை ஒரு சோதனையால் அறியலாம்: கழுவி உலர்ந்த பெயிண்டின் மேல், மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு விரல்நுனியால் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த பரப்பு பையின் வழியாக நெறநெறவென்று இருந்தால் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. எங்கள் காரில் கதவுகள் தேறிவிட்டன. பானெட்டும் மேற்கூரையும் தேறவில்லை.

100 கிராம் கட்டியில் பாதியை மட்டும் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் இளக்கி, உள்ளங்கையளவு தட்டையாக்கிக்கொண்டேன். வீட்டு உபயோகத்துக்கு ஃபைன் என்று குறித்த மென்மையான வகையே போதும். ஷாம்பூத் தண்ணீரை வழிய வழியத் தெளித்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்ற அளவில் ஒவ்வொரு சதுரமாக, நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அழுத்தம் கட்டியின் எடையை விடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். தொடக்கத்தில் கட்டி பிடித்துப் பிடித்து நகரும், கிரீச்சென்ற மெல்லிய ஒலியும் கேட்கும். துகள்கள் கட்டிக்குள் ஏறிய பிறகு அது தானாகவே வழுக்கிப் போகும். அந்த மாற்றத்தைக் கை உணர்ந்ததும் அடுத்த சதுரத்துக்குப் போகலாம். கட்டியின் முகம் பழுப்பேறியதும் மடித்துப் பிசைந்து புது முகத்தைக் கொண்டுவர வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒட்டிய மணலைக் கழுவி நீக்க முடியாது. தாரையும் இரும்பையும் முதலில் கரைத்துவிட்டுக் கிளே பாரைக் கடைசியில் வைத்ததற்கும் இதுவே காரணம். அவற்றைக் கட்டியால் எடுக்கப் புகுந்தால், பிடுங்கிய இரும்புத் துகளையே பெயிண்டின் மேல் இழுத்துக்கொண்டு போவோம். கறுப்பு, கருநீலக் கார்களில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மெல்லிய கீறல் மங்கல் தெரியக்கூடும், அவற்றுக்கு இதன் பின் லேசான பாலிஷ் தேவைப்படும் என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.

உப்புத் தண்ணீரின் வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடையில் விற்கும் சமையல் வினிகரை அதே அளவு மழைநீரில் கலந்து, துணியை நனைத்து வளையத்தின் மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒட்டவைத்து, பின் நன்றாக அலசியபோது பெரும்பாலானவை மறைந்தன. இரும்புக்கான திரவத்தை முழுவதும் கழுவி நீக்கிய பிறகே வினிகரை எடுக்க வேண்டும். இரண்டையும் சேர விடக் கூடாது. கழிவறை கழுவும் அமிலம் இதை நொடியில் போக்கிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோம் பட்டைகளையும், நட்டு போல்ட்டுகளையும், அலாய் சக்கரத்தையும் அரித்துவிடும். ரெடிமிக்ஸ் லாரியிலிருந்து தெறித்த சிமென்ட் பாலுக்கும் இதே நீர்த்த வினிகர்தான், ஆனால் பலமுறை ஊற வைக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

மயில் எச்சத்தின் தழும்பு மட்டும் போகவில்லை. எச்சத்தை எப்போதோ கழுவி எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது கிளியர் கோட்டிலேயே விழுந்த வடு. வெயிலில் கிளியர் கோட் சூடேறி இளகி விரிகிறது. அப்போது மேலே காய்ந்து இறுகியிருக்கும் எச்சத்தின் சொரசொரப்பான அடிப்பரப்புக்கு ஏற்ப அது படிந்து, மாலையில் குளிரும்போது அதே வடிவத்தில் இறுகிவிடுகிறது. எச்சத்தின் அமிலத்தன்மை அந்தச் சேதத்தைக் கூட்டுகிறது. ஒரு நாள் வெயிலே சில சமயம் இதற்குப் போதும். ஆகவே எச்சத்தைக் கண்டவுடன் ஈரத் துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, அப்படியே அள்ளி எடுக்க வேண்டும். வடுவைப் பாலிஷால் குறைக்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ஆழம் அதிகம், முழுவதும் எடுக்கப் போனால் கிளியர் கோட் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்றார். பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அந்த வடுவை அப்படியே விட்டுவிட்டோம்.

இவ்வளவும் செய்த பெயிண்டின் மேல் பழைய மெழுகு எதுவும் மிஞ்சியிருக்காது. அன்றே புதிய காப்புப் பூச வேண்டும். நீர்த்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, பாலிமர் சீலன்ட்டை மெல்லியதாகப் பூசி, குப்பியில் சொல்லியிருக்கும் நேரம் உலரவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். தென்னிந்திய வெயிலுக்குக் கார்னோபா மெழுகை விடச் சீலன்ட் கூடுதல் காலம் நிற்கிறது என்பது என் அனுபவம். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது புழுதியைப் பிடித்து வைக்குமே தவிரக் காக்காது.

மைத்துனரின் டிக்கியில் இப்போது ஷாம்பூத் தண்ணீர் கலந்த ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் இருக்கின்றன. டிப்பர் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்த நாளில், பாறைமாவு காய்வதற்குள் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். ரயில் பாதைப் பக்கம் வண்டி நிறுத்துவதை மாற்ற முடியாததால் இரும்புத் துகள் மறுபடியும் சேரும். சாரல் காலத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருமுறை பாலித்தீன் பையால் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அயர்ன் ரிமூவரைத் தெளிப்பதாக முடிவு. மிச்சமிருந்த பாதிக் கிளே கட்டியின் மேல் சில சொட்டு ஷாம்பூத் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். காய்ந்து வெடிக்காமல் இருந்தால் அடுத்த முறைக்கும் அது ஆகும்.